பழுதில்லாத ஒயரிங்

அத்தியாயம் 9

மாடிப்படிக்குக் கீழே இருந்த பொந்துக்குள் முதலில் தலையை விட்டது கண்டக்டர்தான். இருபத்தாறு வருஷம் பஸ் நெரிசலுக்குள் புகுந்து புகுந்து டிக்கெட் கிழித்த உடம்பு. எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். வெளியே வரும்போதுதான் முனகும்.

"மேடம், உள்ள ரெண்டு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர், அப்புறம் நான். வண்டி ஃபுல். நீங்க அடுத்த வண்டியில வாங்க."

"இறங்குங்க கண்டக்டர்" என்றார் சர்வேயர்.

ஊருக்கு அவரை அந்தப் பெயரில்தான் தெரியும். எரிந்த கடைகளையும் நொறுங்கிய லாரிகளையும் பார்த்து, காரணம் இன்னதென்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்ற கண்டக்டர், வீட்டில் உட்கார்ந்தால் மனைவியிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அவருக்கு உதவியாளரானார்.

வழக்கு இதுதான். எட்டு நாளைக்கு முன்னால் இந்த வீட்டில் ஓர் அம்மா இறந்துபோனாள். நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மெஷினை நம்பி மூச்சு விட்டுக்கொண்டிருந்தவள். மின்சாரம் அடிக்கடி போகும் தெரு. அதனால் அவள் கணவர் மொட்டைமாடியில் தானே சோலார் பேனல் மாட்டி, படிக்குக் கீழே பேட்டரி வைத்து, வீடு முழுக்கத் தானே ஒயர் இழுத்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக் அவர். அன்று காலை மின்சாரம் இல்லாத வேளையில் அந்த ஏற்பாடும் நின்றது. மெஷின் நின்றது. மூச்சும் நின்றது.

'ஒரு நட்டைச் சரியா முடுக்காம விட்டுட்டேன், என் தப்புதான்' என்று மெக்கானிக் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். அஜாக்கிரதையால் ஓர் உயிர் போனதாக வழக்கு. இப்போது லாக்கப்பில் இருக்கிறார். நாளைக் காலை கோர்ட்டிலும் இதையே சொல்லப் போகிறாராம்.

நம்பாத ஒரே ஆள் அவர் மகள்தான். வேலையிலிருந்து நேரே வந்தவள், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கப்பா முடுக்கின நட்டு தானா கழலாது மேடம். வீட்ல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் அளவு பார்த்துட்டுத்தான் அடிப்பாரு. யாரோ கைவெச்சிருக்காங்க."

சர்வேயர் டார்ச்சை அடித்தார். ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் ஒரு காகிதத் துண்டு. எங்கிருந்து எங்கே போகிறது என்று பொடி எழுத்தில். முனைகளில் கிரீஸ். பேட்டரித் தண்ணீர் கோட்டுக்குச் சரியாக. ஒவ்வொரு நட்டின் மேலும், போல்ட்டையும் சேர்த்து, சிவப்பு பெயிண்டில் மெல்லிய கோடு.

"நட்டுக்கெல்லாம் பொட்டு வெச்சிருக்காரே, பொண்ணு பார்க்க வர்றாங்களா?" என்றார் கண்டக்டர்.

"லிஃப்ட் வேலை செய்றவங்க பழக்கம். முடுக்கி முடிச்சதும் குறுக்கே ஒரு கோடு போட்டுடுவாங்க. நட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு உடைஞ்சு காட்டிக்கொடுத்துடும்."

மொத்தம் பதினாலு நட்டு. பதிமூன்றில் கோடு நேராக இருந்தது. இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் தடித்த ஒயரின் நட்டில் மட்டும் கோடு உடைந்து, பாதி அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. தொட்டால் ஆடியது.

மகளின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப அப்பா சொன்னது நிஜமா?"

"அவசரப்படாதம்மா" என்றார் கண்டக்டர். "லிஃப்ட்டு மேலயும் கீழயும் ஓடும், குலுங்கும், நட்டு கழலும். இந்த பேட்டரி எந்த ஊருக்கு ஓடுச்சு?"

சர்வேயர் ஆடிய நட்டைச் சுற்றி விரலால் தடவி, விரலைப் பார்த்தார். கிரீஸ்தான் ஒட்டியிருந்தது; கரி இல்லை.

"இந்த ஒயர்ல ஓடுற கரண்டுக்குப் பிடி தளர்ந்தா பொறி பறக்கும். இடம் கறுத்துப்போகும், பக்கத்துல இருக்குற பிளாஸ்டிக் இளகும். இங்க பளபளன்னு இருக்கு. கரண்ட் ஓட்டம் நின்ன பிறகுதான் யாரோ ஸ்பேனர் போட்டு இதைத் திருப்பியிருக்காங்க."

"அப்ப ஒயரிங் தப்பில்ல?"

"பழுதில்லாத ஒயரிங்" என்றார் சர்வேயர். "இவ்வளவு நல்லா வேலை செஞ்ச மனுஷன், தன் வேலை மட்டம்னு தானே எழுதிக் கொடுத்திருக்காரு. அதுதான் எனக்கு இடிக்குது."

மகள் இரண்டு படி இறங்கி வந்தாள். "மாமாவா இருக்கும். அம்மாவோட தம்பி. தினமும் ஒன்பது மணிக்கு வந்து அம்மாகூட இருக்கணும்னு ஏற்பாடு. கட்டில் தலைமாட்டுல ஒரு சிலிண்டர் இருக்கு. மெஷின் நின்னா அதைத் திறந்துவிட்டாப் போதும். அன்னைக்கு ஒன்பது மணிக்கே வந்தேன், அப்பவே அம்மா போயிட்டாங்கன்னு சொல்றாரு. எனக்கு நம்பிக்கையில்ல."

*

எதிர்வீட்டுத் தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அன்னைக்கா? மறக்குமா? விடியக்காலை அஞ்சரைக்குப் போன கரண்டு, மத்தியானம் ஒரு மணிக்குத்தான் வந்துச்சு. மோட்டாரைக் கழட்டிப் போட்டுட்டு காலால மிதிச்சேன். வெளிச்சமாவது இருந்துச்சா? பத்து மணி வரைக்கும் வானம் மூடிக்கெடந்துச்சு. அப்புறம்தான் வெயில் வந்துச்சு."

"அந்தம்மாவோட தம்பி எத்தனை மணிக்கு வந்தாரு?"

"பன்னெண்டு. சாப்பிட எந்திரிச்சேன், அப்ப சைக்கிள்ல வந்தாரு."

தெருவில் இறங்கியதும் கண்டக்டர் உற்சாகமானார். "ஒன்பது மணி வண்டி பன்னெண்டு மணிக்கு வந்திருக்கு. மூணு மணி நேரம் லேட்டு. கேட்டா டிரைவர் மேல பழி போடுவாங்க, பாருங்க."

மாமா யார் மேலும் பழி போடவில்லை. இரண்டு தெரு தள்ளி, ஜன்னல் மூடிய அறையில், எட்டு நாள் தாடியோடு பாயில் உட்கார்ந்திருந்தார். 'பன்னெண்டு மணி' என்று சர்வேயர் சொன்னதுமே உடைந்துவிட்டார்.

"சீட்டாடிக்கிட்டு இருந்தேங்க. ஒரே ஒரு ஆட்டம்னுதான் உட்கார்ந்தேன்." முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "அங்க எங்கக்கா மூச்சுக்குத் திணறிக்கிட்டு இருக்கா. இங்க நான் கையில சீட்டை விரிச்சு வெச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு இருக்கேன். அதை எப்படிங்க வெளிய சொல்றது?"

"நட்டைத் திருப்பினது நீங்களா?"

"என்ன நட்டு?"

அந்தக் கேள்வியில் பொய் இல்லை. பஸ்ஸில் தூங்குவதாக நடிப்பவனையும் நிஜமாகத் தூங்குபவனையும் பிரித்துப் பார்த்தே பழகிய கண்டக்டருக்கு அது உடனே தெரிந்தது.

"எனக்கு ஒரு பல்பு மாட்டக்கூட வராதுங்க. நான் போனப்பவே அக்கா உடம்பு சில்லிட்டுப் போயிருந்துச்சு. அத்தானுக்கு போன் பண்ணேன், ஓடி வந்தாரு. அக்காவைத் தொட்டுப் பார்த்தாரு. அப்புறம் பக்கத்துல இருந்த மேஜையைப் பார்த்தாரு. ரொம்ப நேரம் அதையே பார்த்தாரு. என்னை டாக்டரைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. நான் திரும்பி வர்றப்ப படிக்குக் கீழ உட்கார்ந்திருந்தாரு, கையில ஸ்பேனரோட. எதையோ சரிபண்றாரு போலன்னு நெனச்சேன்."

சர்வேயரும் கண்டக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே வந்து நாலு வீடு தாண்டினார்கள்.

"சரியா இருந்த நட்டை அவரே கழட்டியிருக்காரு" என்றார் கண்டக்டர். "ஏன் மேடம்?"

"மெஷின் நின்னதுக்கு வேற ஒரு காரணம் இருக்கு. அதை யாரும் தேடக்கூடாதுன்னு ஒரு காரணத்தை அவரே செஞ்சு வெச்சிருக்காரு."

*

மறுபடியும் படிக்குக் கீழே. போலீஸ் கழற்றி வைத்திருந்த ஃப்யூஸை சர்வேயர் மாட்டினார். ஆடிய நட்டைச் சிவப்புக் கோடு சேரும்வரை முடுக்கினார். இன்வெர்ட்டரின் சின்னத் திரை விழித்துக்கொண்டது. கடைசியாக எதனால் நின்றது, அதிகபட்சம் எவ்வளவு சுமை இழுத்தது என்பதை அது ஞாபகம் வைத்திருக்கும். கீழே இருந்த பொத்தானை அவர் அழுத்திப் பிடித்தார்.

"ஒன்பது முப்பத்துநாலு. பேட்டரி தீர்ந்துபோச்சு. அதனால தானா அணைஞ்சிருக்கு."

"தீர்ந்துபோச்சா?" மகள் குனிந்து பார்த்தாள். "அப்பா வேலைக்குக் கிளம்புறப்ப பேட்டரியைப் பார்த்து நோட்டுல எழுதுவாரே." ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தாள்.

அன்றைய தேதியில், காலை ஐந்து மணிக்கு எதிரே, 'முழுசு' என்று எழுதியிருந்தது. பக்கத்தின் தலைப்பில் ஒரு கணக்கு: மெஷின், ஒரு ஃபேன், ஒரு லைட், மொத்தம் நானூற்றுப் பத்து வாட். வேறு எதுவும் கூடாது. மேகம் போட்ட நாளில்கூட ஐந்து மணி நேரம் பேட்டரி தாங்கும்; ஐந்தரைக்குக் கரண்ட் போன அன்றைக்கு, பத்தரை வரை. அதற்குள் வெயில் வந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

சர்வேயர் இன்னொரு முறை அழுத்தினார்.

"அதிகபட்ச சுமை ஆயிரத்து நானூத்திப் பத்து."

"அதாவது, டிக்கெட் எடுக்காம ஆயிரம் வாட் ஏறியிருக்கு" என்றார் கண்டக்டர்.

"மாமாதான்!" மகளின் கண்கள் பளபளத்தன. "அவருதான் வந்து ஹீட்டரோ எதையோ போட்டிருக்காரு. அப்பா மேல தப்பில்ல, மேடம். நான் சொன்னேன்ல? நான் அன்னைக்கு ஏழே முக்காலுக்கே கிளம்பிட்டேன். முதல் நாள் வேலை. கரண்ட் போனதே எனக்குத் தெரியாது. அப்பா கட்டினது அப்படி, கரண்ட் போனா ஃபேன் ஒரு சுத்துகூடக் குறையாது. நான் ஹாஸ்டல்லேருந்து வந்த ரெண்டு நாளா அப்பா அதைத்தான் பெருமையாச் சொல்லிக்கிட்டே இருந்தாரு."

அவள் பேசப் பேச, கழுத்து அட்டை கண்டக்டரின் கண்ணுக்கு நேராக ஆடியது. கண் ஆஸ்பத்திரி வரவேற்பாளர். மேலே சின்னப் புகைப்படம். வெள்ளைச் சட்டை. கஞ்சி போட்ட காலர், கத்தி மாதிரி நின்றது. தோளில் ஒரு சுருக்கம் கிடையாது.

கண்டக்டர் குனிந்து அதை உற்றுப் பார்த்தார்.

"போட்டோ நல்லா இருக்கேம்மா. எப்ப எடுத்தது?"

"அன்னைக்குக் காலையிலதான் சார். எட்டரைக்கு கேட்ல நிக்கவெச்சு எடுத்தாங்க."

கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தார். வாய் கேட்டுவிட்டது.

"சட்டையெல்லாம் ஜோரா தேய்ச்சிருக்கே. கடையில குடுத்தியா?"

"இல்ல சார், நானேதான். காலையில எந்திரிச்சு அம்மா கட்டில் பக்கத்து மேஜையிலதான் வெச்சுத் தேய்ச்சேன். மூணு செட்டு. அந்த வாரத்துக்கே தேய்ச்சு வெச்சுட்டேன். அம்மா பார்த்துக்கிட்டே இருந்தாங்க. மாஸ்க் போட்டிருந்தா பேச வராது. கட்டில்லேருந்து கையை ஆட்டினாங்க, இப்படி." அவள் வலது கையைத் தூக்கி மேலும் கீழுமாக ஆட்டிக் காட்டினாள். "நல்லா இருக்கு, போயிட்டு வான்னு."

இருபத்தாறு வருஷம் தூரத்திலிருந்து வரும் கை சைகையைப் பார்த்து வண்டியை நிறுத்தவும் எடுக்கவும் செய்த மனிதர் அவர். அந்தக் கை என்ன சொன்னது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரியவில்லை.

அவள் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. துணி தேய்ப்பது அவளுக்குப் பல் விளக்குவதைப் போல. அதையும் அந்த ஆயிரம் வாட்டையும் அவள் மனம் முடிச்சுப் போடவில்லை. இன்றைக்குப் போடவில்லை; நாளைக்குப் போடலாம்.

"நோட்டைக் குடும்மா" என்று சர்வேயர் சட்டென்று இடையில் புகுந்தார். "உங்கப்பாவைப் பார்த்துட்டு வந்துடுறோம்."

"நானும் வர்றேன்."

*

போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது மகள் பத்தடி முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். சர்வேயர் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு செட்டு தேய்க்க இருபத்தஞ்சு நிமிஷம்னு வைங்க. அந்தக் கரண்ட் மெஷினுக்கு ஒரு மணி நேர மூச்சு. பத்தரை வரைக்கும் தாங்க வேண்டியது ஒன்பதரைக்கு நின்னுபோச்சு. பத்து மணிக்கு வெயில் வந்துடுச்சு."

"அரை மணி நேரம்" என்றார் கண்டக்டர். "அரை மணி நேரம்தானே மேடம்."

மகளை வெளி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். கம்பிக்குப் பின்னால் மெக்கானிக் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒடிசலான மனிதர். சர்வேயர் நோட்டை நீட்டியதுமே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"திரையைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி எங்க?"

"அலமாரியில, துணிக்கு அடியில. நான்தான் வெச்சேன்." எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சிவப்புப் புள்ளி வெச்ச பிளக்கெல்லாம் பேட்டரி லைனுங்க. பெருசா எதையும் மாட்டக்கூடாதுன்னு மச்சானுக்குச் சொன்னேன், என் பொண்டாட்டிக்குச் சொன்னேன். ஹாஸ்டல்லேருந்து வந்த பொண்ணுக்கு மட்டும் சொல்லல. கரண்ட் போறதே தெரியாதுன்னு பெருமையடிச்சேனே தவிர, தெரியாததுல என்ன ஆபத்துன்னு சொல்லல. அப்ப யாரு தப்பு? என் தப்புதானே? நான் எழுதிக் கொடுத்ததுல என்ன பொய்?"

"நட்டு பொய்" என்றார் சர்வேயர். "இந்த நோட்டையும் அந்தத் திரையையும் நாளைக்குக் கோர்ட்ல காட்டினா நீங்க வெளிய வந்துடலாம். அது ஒரு விபத்து. உங்க பொண்ணை யாரும் தண்டிக்க மாட்டாங்க."

"கோர்ட் தண்டிக்காதுங்க." மெக்கானிக் தலையசைத்தார். "அவ தண்டிச்சுக்குவா. ஒவ்வொரு நாளும் காலையில சட்டையை எடுத்து மாட்டுறப்ப. எனக்கு ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ, முடிஞ்சுடும். அவளுக்கு முடியுமா?"

"நான் பார்த்ததை மாத்தி எழுதினதில்ல. அதுக்காகத்தான் வேலையையே விட்டேன்."

"எழுத வேணாம். பேசாம இருங்க, அது போதும்." கண்டக்டர் பக்கம் திரும்பினார். "நட்டு லூஸாத்தான் இருந்துச்சுன்னு அவகிட்ட யாராவது சொல்லணும். நீங்க தேடிப்பார்த்தும் அதுதான் கிடைச்சதுன்னு. இல்லன்னா அவ விட மாட்டா, தோண்டிக்கிட்டே இருப்பா. என் பொண்ணு அவ."

"அவ உங்களை வெறுத்துடுவா சார்" என்றார் கண்டக்டர்.

"வெறுக்கட்டும். வெறுத்துட்டு நல்லா இருக்கட்டும்."

சர்வேயர் நோட்டைப் பிரித்து, 'முழுசு' என்ற வரியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அதைக் கம்பி வழியாக அவரிடமே கொடுத்துவிட்டு, ஒருவரையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

மகள் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தாள். "அப்பா என்ன சொன்னாரு? மாமா பேரைச் சொன்னாரா?"

சர்வேயர் நிற்காமல் வாசலைத் தாண்டி தெருவுக்கே போய்விட்டார்.

மிச்சமிருந்தது கண்டக்டர் மட்டும். வாழ்க்கை முழுக்க ஆயிரம் புளுகு புளுகி ஆட்களைச் சிரிக்க வைத்தவர். இந்த ஒன்றுக்கு அவர் தொண்டையைக் கனைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"உங்க மாமாவுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லம்மா. நட்டு லூஸாத்தான் இருந்திருக்கு. அதனால பேட்டரி சரியாவே ஏறல. உங்கப்பா கவனிக்கல."

"நீங்க, பழுதில்லாத ஒயரிங்னு சொன்னீங்களே?"

"மேடம் அப்ப சரியாப் பார்க்கல. மறுபடி பார்த்தாங்க."

"கறுத்துப்போகலையே, பளபளன்னு இருந்துச்சே?"

"கிரீஸ் போட்டிருந்தாரும்மா. அதனால தெரியல. பிடி தளர்ந்தா திரையும் தப்பாக் காட்டுமாம், அந்த ஆயிரம் வாட்டு, நோட்டுல இருந்த 'முழுசு' எல்லாம் அப்படித்தான்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கண்டக்டர் கண் இமைக்காமல் நின்றார். மெதுவாக, மிக மெதுவாக, அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது.

"கவனிக்கல" என்றாள். "அம்மா உயிரே அந்த ஒயர்லதான் இருந்துச்சு. கவனிக்கலையாம்."

"உள்ள போய்ப் பார்க்குறியாம்மா? அஞ்சு நிமிஷம் விடுவாங்க."

"வேணாம் சார்." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் பார்க்கல."

படியிறங்கி, ரோட்டைக் கடந்து, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தலை கூட்டத்தில் மறையும்வரை நின்ற கண்டக்டர், மறுபடியும் உள்ளே போனார்.

மெக்கானிக் கம்பியை விட்டு நகரவே இல்லை.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"நம்பிட்டாளா?"

"நம்பிட்டா சார்."

மெக்கானிக் இரண்டு முறை தலையை ஆட்டினார். "நல்லது" என்றார். பிறகு அந்த நோட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கிழித்து, பொடிப்பொடியாக்க ஆரம்பித்தார்.